அடுத்த எண் வண்டி

மனிதன் கையால் செய்த பொருள்களில் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லாதவை இந்த உலகத்தில் இரண்டுதான். இரண்டும் 1966ஆம் வருஷம் பிப்ரவரி எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, டெட்ராய்ட்டில், மதியச் சாப்பாட்டு மணிக்குப் பிறகு ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்த கார்கள். ஒன்று என்னுடையது. மற்றது என் தங்கை புருஷன் ரஸ் டாக்கெட்டினுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிக்கொள்வதற்காகச் சொல்கிறேன், மேடம்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேண்டுகோள். மேஜைமேல் பிளாஸ்டிக் பையில் ஒரு ரப்பர் குழாயைப் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதை வெயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். வெயில் பட்டால் அதன்மேல் அச்சடித்த தேதி மங்கிவிடும். அப்புறம் அது வெறும் ரப்பர்.

என் பெயர் வெண்டல் க்ரான்ட்ஸ். வயது அறுபத்து நான்கு. இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு முப்பத்தோரு வருஷம் மெக்கானிக்காக இருந்தேன். என் காலத்தில் ஒரு பேருந்துகூட பிரேக் பிடிக்காமல் போனதில்லை. ரப்பர் குழாய்களை ஆறு வருஷத்துக்கு ஒருமுறை, நல்லதா கெட்டதா என்று பார்க்காமலே கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவேன். ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஒஹாயோவின் தென்கிழக்கில் எல்லோருக்கும் அதே கடிகாரம்தான் கொடுக்கிறார்கள்.

ஆனால் நான் யார் என்று கேட்டால், பழைய கார் மன்றத்தின் தலைமை நடுவர் என்றுதான் சொல்வேன். குச்சியில் கட்டிய ஒரு சின்னக் கண்ணாடியும் ஒரு டார்ச்சும் வைத்திருக்கிறேன். வண்டிக்கு அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்ப்பேன். தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படி இருக்க வேண்டும். அதைவிட மோசமாக இருந்தால் தப்பு. அதைவிட நன்றாக இருந்தாலும் தப்பு. இது பலருக்குப் புரிவதில்லை. அந்த மாடலில் இடது கதவுக்குக் கீழே பெயிண்ட் ஒரு சொட்டு வழிந்திருக்கும், அன்றைக்குப் பெயிண்ட் அடித்தவர் அவசரக்காரர். என் வண்டியில் அந்தச் சொட்டை அதே நீளத்துக்கு வழிய விடுவதற்கு ஏழு தடவை சுரண்டி ஏழு தடவை அடித்தேன். போன வருஷம் ஒரு பல் டாக்டர் சொட்டே இல்லாமல் வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டு புள்ளி கழித்தேன். அவர் அழுதார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை.

எங்கள் வண்டிகள் ஓடுவதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழாய் விஷயம் உங்களுக்குப் புரியாது. வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோவோம். கண்காட்சித் திடலில் இறக்கி, நாலு பேர் கையால் தள்ளி, புல்தரையில் நிறுத்துவோம். டயரில் புல் ஒட்டினால் பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுவோம். ஓடாத வண்டி என்பதால்தான் அந்தக் காலத்திலேயே செய்து, விற்காமல், பெட்டி பிரிக்காமல் கிடந்த பாகங்களைத் தேடிப்பிடித்து மாட்டுகிறோம். எங்களுக்கு அவை தேவாலயத்து நற்கருணை அப்பம் மாதிரி. 1966இல் செய்த பிரேக் குழாய் மூன்று, மஞ்சள் அட்டைப்பெட்டியோடு, கென்டக்கியில் ஒரு மூடிப்போன கடையில் எனக்குக் கிடைத்தது. பத்தொன்பது வருஷம் என் துணி அலமாரியில் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். சிலசமயம் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன்.

அந்த மாதிரி ரப்பர் பார்க்கத்தான், பிரேக் மிதிக்க அல்ல என்பது மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதை மறைக்க விரும்பவில்லை.

ரஸ்ஸின் வண்டியைக் கண்டுபிடித்ததே நான்தான். ஒரு பண்ணைக் கொட்டகையில், வைக்கோலுக்குப் பின்னால் கிடந்தது, பின்சீட்டில் கோழி அடை உட்கார்ந்திருந்தது. இழுத்து வருவதற்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அவனையும் கூட்டிப்போயிருந்தேன். கதவுத் தூணில் இருந்த எண் தகட்டில் கோழி எச்சம் காய்ந்து கிடந்தது. கட்டைவிரலால் துடைத்தேன். என் வண்டியின் எண்ணுக்கு அடுத்த எண். மேடம், எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தத் தகட்டைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை இந்த டேப்பில் சொல்ல மாட்டேன்.

விலை பேச ஆரம்பித்தேன். பண்ணைக்காரர் என் கையிலிருந்த குச்சிக் கண்ணாடியைப் பார்த்தார். "நீங்க இத ரூமுக்குள்ள பூட்டி வெச்சுத் தொடச்சிக்கிட்டே இருப்பீங்க," என்றார். ரஸ் அப்போது கோழியிடம், "கொஞ்சம் நகந்துக்கம்மா, ஒன் வீட்ட வித்துட்டாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். பண்ணைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வண்டியை அவனுக்குக் கொடுத்துவிட்டார்.

அப்படியும் நான் நம்பிக்கையை விடவில்லை. இரண்டு வண்டியும் புல்தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அறுபது வருஷத்துக்கு முன்னால் நின்ற மாதிரி. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதிகமான ஆசையா, சொல்லுங்கள்.

ரஸ் நாலு வருஷம் அந்த வண்டியில் வேலை செய்தான். முதல் வருஷம் பழைய எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்தான். மழை பெய்தது, மேடம், அதன்மேல். அந்த இடத்தில் இரண்டு மடங்கு சக்தியுள்ள புது எஞ்சின் ஒன்றை இறக்கினான். பாட்டுப் பெட்டி என்று ஒரு நீலப்படக் கடை விளக்கு மாதிரி நீலமாக எரியும் ஒன்றை வைத்தான், அது டெலிபோனும் பேசும். பெயிண்ட் ஈர சிமெண்ட் நிறத்தில். இதெல்லாம்கூடச் சகித்துக்கொண்டேன். கடைசியில் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில், தொழிற்சாலை போட்ட தரைத் தகட்டைச் சதுரமாக அறுத்து, கப் வைப்பதற்கு ஒரு குழி வைத்தான்.

அதைக் காட்ட என்னைக் கூப்பிட்டான். குழிக்கு அடியில் கோலா வழிந்து வட்டமாகக் காய்ந்திருந்தது. அதில் ஒரு உருளைக்கிழங்கு வறுவல் முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கெட்சப் வாசனை. வெளியே போய் அவன் வீட்டு ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் துப்பிவிட்டு வந்தேன்.

"ஒன்ன நெனச்சித்தான் மச்சான் வெச்சேன்," என்றான் ரஸ். "ஒன் பிளாஸ்க் சூப்புகூட வைக்கலாம்."

"தகட்ட அறுத்துட்டே மாப்ள."

"தகடுதான மச்சான், தலையவா அறுத்தேன். ஒன் வண்டி போன வருஷம் எத்தன மைல் ஓடுச்சு? டிரெய்லர்ல ஏறுனது எறங்குனது எல்லாம் சேத்து சொல்லு. கால் மைல் தேறுமா?"

லோரெட்டா கதவோரத்தில் நின்று சிரித்தாள். அவள் என் ஒரே தங்கை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி பின்னாலிருந்து இடித்ததில் அவள் கழுத்தில் இரண்டு ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எந்த வண்டியில் ஏறினாலும் கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அவளுக்காகத்தான் ரஸ் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வைத்தான். தோளோடு கட்டும் பெல்ட்டும் வைத்தான். இதை நான் ஒத்துக்கொள்கிறேன், அந்த டிஸ்க்குகளை அவன் சுத்தமாக மாட்டியிருந்தான்.

"ஒன் தங்கச்சி கழுத்துலயே ஒரிஜினல் இல்லாத ஸ்க்ரூ ரெண்டு இருக்கு," என்று அவன் அடிக்கடி கிண்டலடிப்பான். "நீ எத்தன பாயின்ட் கழிப்பே மச்சான்?"

மனதுக்குள் கழித்துக்கொள்வேன். நாலு.

ஜூன் மாதம் கண்காட்சிக்கு முன்னால் அவர்கள் கல்யாண நாளுக்காகக் கடற்கரைக்குப் போனார்கள். பதினோரு நாள். இடது கதவின் இடுக்கு ஒரு பக்கம் அகலமாக இருந்தது. கதவு இடுக்கு சரிசெய்வதில் இந்த மாவட்டத்தில் என்னைவிட நல்ல கை இல்லை, அது ரஸ்ஸுக்கும் தெரியும். வண்டியை என் ஷெட்டில் விட்டுவிட்டுப் போனான்.

"கதவு மட்டும் மச்சான். வேற எதையும் நோண்டாத. சாவியக் குடுத்துட்டுப் போறேன், மானத்தயும் சேத்துக் குடுத்துட்டுப் போறேன்."

கதவைச் சரிசெய்தேன். அதை நீங்கள் போய்ப் பார்க்கலாம், அந்தப் பக்கம் நசுங்கவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே இடுக்கு.

மிச்சம் பத்து நாள் இருந்தது. அந்த வண்டியை முழுசாக மீட்பதற்கு எனக்கு ஒன்றரை வருஷம் வேண்டும். ஆனால் எங்காவது தொடங்க வேண்டுமே. பிரேக்கில் தொடங்கினேன்.

ஏன் பிரேக், கப் குழியில் தொடங்கியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. குழியை அடைத்தால் ரஸ்ஸுக்குத் தெரிந்துவிடும்.

டிஸ்க்குகளைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தேன். அந்தக் காலத்து டிரம் பிரேக்குகளை மாட்டினேன். என்னிடம் எல்லாமே இருந்தது, வருஷக்கணக்காகச் சேர்த்தது. பிரேக் எண்ணெய்க்கு அந்தக் காலத்தில் ஒரே குடுவைதான், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சேர்த்து. எங்கே ஒழுகினாலும் நாலு சக்கரமும் போகும். அடுத்த வருஷ மாடலிலிருந்து இரண்டு குடுவை வைத்தார்கள். என்ன செய்ய, இது 1966. கடைசியாக, என் துணி அலமாரியிலிருந்து மஞ்சள் பெட்டியை எடுத்துவந்தேன். என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த பொருளை அவனுக்குக் கொடுத்தேன் என்பதை யாராவது கவனிக்க வேண்டும். என் சொந்த வண்டிக்குக்கூட அதை மாட்டவில்லை. வளைத்தபோது மூன்றில் ஒரு குழாய் லேசாக ஒரு சத்தம் போட்டது. பழைய வீட்டுப் படிக்கட்டு மாதிரி.

எஞ்சினை மாற்றவில்லை. எஞ்சின் மாற்ற ஒரு மாதம் ஆகும். தோள் பெல்ட்டையும் தொடவில்லை. அது கண்ணில் படுகிற சாமான். கைபிரேக்? கேபிளை மாட்டினேன், முறுக்குவதற்கு நேரம் இல்லை.

டிஸ்க் இருந்தால் சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே பளபளவென்று தெரியும். அதனால் பழைய இரும்புச் சக்கரத்தையும் மூடியையும் போட்டேன். அதை மட்டும் ரஸ்ஸிடம் சொன்னேன். கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டியை எடுக்க வந்தவன் சக்கரத்தைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றான்.

"என்ன மச்சான், என் புள்ளைக்கு ஒன் தாத்தா செருப்ப மாட்டி விட்ருக்க."

"ஒரு நாளைக்குத்தான் மாப்ள. என் வண்டி பக்கத்துல நிக்கும்போது பாக்க நல்லா இருக்கும்."

அவன் என் முதுகில் தட்டினான். "சரி போ. ஒரு நாளைக்கு நீ சொல்ற மாதிரி நிக்கட்டும். அடுத்த சனிக்கெழம நான் சொல்ற மாதிரி ஓடணும், நீயும் பக்கத்துல ஒக்காரணும். சூப்பு எடுத்துட்டு வா."

ஷெட்டிலிருந்து பின்னால் எடுத்தபோது கண்ணாடியை இறக்கி, "பெடல் என்னவோ கட்டையா இருக்கே மச்சான்?" என்றான்.

"பதினோரு நாள் நின்ன வண்டி இல்லையா. ஓட ஓட சரியாயிடும்."

இந்த முழு விவகாரத்திலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். என் வீட்டிலிருந்து அவன் வீடு ஒன்றரை மைல், சமதரை. நடுவில் ஒரு சிக்னல்கூடக் கிடையாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லோரெட்டாவுக்குப் போன் செய்தேன். இதைப் பற்றித்தான் நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். உருளைக்கிழங்கு சாலட் செய்திருந்தாள், பெரிய கிண்ணம். என்னோடு என் லாரியில் வரச் சொன்னேன்.

"இல்லண்ணே, இன்னைக்கு நான் பக்கத்துல ஒக்காந்துதான் வரணும்னு நாலு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காரு. புதுப் பொண்ணு மாதிரி தலையெல்லாம் வாரி வெச்சிருக்கேன்."

"அந்த வண்டி தூக்கித் தூக்கிப் போடும். சாலட் கொட்டிடும்."

"மடியில வெச்சுக்கறேன்."

"லோரி. என்கூட வா."

வந்தாள். சின்ன வயசிலிருந்தே என் குரலை அவள் மீறியதில்லை. சாலட் கொட்டிவிடும் என்பதற்காகத்தான் கூப்பிட்டேன். நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். கிண்ணம் உண்மையிலேயே விளிம்புவரை இருந்தது.

திடல் ஆற்றங்கரையில். அங்கே போக கெஸ்டர் மேட்டில் இறங்கியாக வேண்டும், இரண்டரை மைல் இறக்கம், அடியில் ரயில் பாலத்தின் கல்தூண். நான் முன்னால், என் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு. ரஸ் பின்னால். டிரெய்லரில் அவன் வண்டியை ஏற்றச் சொன்னேனா என்றால், இல்லை, என்னிடம் ஒரு டிரெய்லர்தான் இருக்கிறது.

பாதி இறக்கத்தில் பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டே வந்தான். எதிர்ப்பக்கமாக எங்களைத் தாண்டினான். ஒரு கையை வெளியே நீட்டி மேலும் கீழும் ஆட்டினான். லோரெட்டா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாருங்கண்ணே, ஒங்க மாப்ளைக்கு இன்னும் பதினெட்டு வயசுன்னு நெனப்பு," என்றாள்.

புது ஹார்ன் அது, இரண்டு சுரம் ஒன்றாக வரும். அந்த வண்டியின் சொந்தக் குரல் அல்ல. அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது அதுதான், உள்ளபடி சொல்கிறேன். பிறகு கியரைக் குறைத்தேன். டிரெய்லர் இழுக்கும்போது இறக்கத்தில் கியரைக் குறைப்பதுதான் முறை.

தூணருகே நடந்ததை உங்கள் ஆட்கள் படம் எடுத்திருக்கிறார்கள். நான் விவரிக்க மாட்டேன். சிமெண்ட் நிறத்தின்மேல் சிவப்பு எப்படித் தெரியும் என்பதை மட்டும் யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. லோரெட்டாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டர் வெளியே வந்து ரஸ் போய்விட்டான் என்று சொல்லும்வரை இருந்தேன். நாலு மணிக்குத் திடலுக்குப் போனேன். நாற்பத்தோரு வண்டிகள் நடுவருக்காகக் காத்துக்கொண்டிருந்தன. எல்லோரும் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் நின்றோம். பிறகு கண்ணாடியை எடுத்தேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது சாலட் கிண்ணம் லாரியிலேயே இருந்தது. வெயிலில் மேலே எண்ணெய் பிரிந்து மஞ்சளாக நின்றது, ஈ மொய்த்தது. ஒரு கரண்டிகூடக் கொட்டவில்லை.

தகனத்துக்குப் பிறகு, இழுத்துப்போன வண்டிகளை வைத்திருக்கும் இடத்துக்குப் போனேன். குடும்பத்து ஆள் என்றதும் விட்டார்கள். அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்த்தேன். முன் இடது குழாய் வாய் பிளந்திருந்தது. நீங்கள் பையில் போட்டிருப்பது அதுதான். மற்ற இரண்டும் முழுசாக இருந்தன. ஏறத்தாழ அறுபது வருஷத்து ரப்பருக்கு மூன்றில் இரண்டு என்பது மோசமில்லை. அந்த இரண்டையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். எண் தகட்டையும்.

கொலை என்று எழுதட்டுமா என்று கேட்கிறீர்கள். உங்கள் விருப்பம். நான் என்றால் திருத்தம் என்று எழுதுவேன். தொழிற்சாலை செய்தபடி ஒரு வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு தலைமுறையே ஓடியது. அதிலும் பலர் உயிரோடுதான் இருந்தார்கள்.

கடைசியாக, அந்த டிஸ்க் பிரேக்குகள் எங்கே என்று கேட்டீர்கள். என் ஷெட்டைக் கலைக்க வேண்டாம், எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருக்கிறது. நானே சொல்கிறேன்.

போன மாதம் ரஸ்ஸின் பிறந்தநாள் வந்தது. லோரெட்டா அவன் சாம்பலை ஆற்றில் விட வேண்டும் என்றாள். "ஒங்க வண்டியில போகணும்ணே. டிரெய்லர்ல இல்ல. ஓட்டிக்கிட்டு. அவரு அதத்தான கேட்டாரு." கெஸ்டர் மேடு வழியாகத்தான் போக வேண்டும். அவள் பக்கத்தில் உட்காருவாள்.

அந்த டிஸ்க்குகளை மாட்ட மூன்று நாள் வேலை. நாலு இடத்தில் துளை போட வேண்டியிருந்தது. தோள் பெல்ட்டுக்கு இன்னும் இரண்டு. டிரில் தகட்டில் இறங்கியபோது சுருள் சுருளாக இரும்பு வந்தது, 1966இன் இரும்பு, கூட்டி அள்ளினேன். குழாய்கள் இந்த வருஷம் செய்தவை, கடையில் வாங்கினேன். குடுவையும் இரட்டைக் குடுவை. லோரெட்டா காபியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இறக்கத்தில் கொஞ்சம் சிந்திவிட்டது. அதற்கும் ஏதாவது இடம் செய்ய வேண்டும்.

வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள். இதோ சாவி. உங்கள் அலுவலகம் ஆற்றங்கரையில் அல்லவா, மேட்டில்தான் இறங்க வேண்டும். யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள், மேடம், பயமே இல்லை. பெடலை லேசாகத் தொட்டால் போதும், அப்படியே நிற்கும்.